நூல்சந்தைச் சதுக்கம் விடுவதாயில்லை

கும்பிடு போட்டது சென்னியப்பன்; அதற்காக அலைந்து கால் நொந்தது துளசிமணி. முப்பது வருடத்துக்கு மேலான கல்யாண வாழ்க்கையில் இது ஒன்றும் புதிதில்லை என்றாலும், பெற்ற மகளின் கல்யாணத்தன்று, பாஷை தெரியாத தேசத்தில், பட்டுச்சேலையும் கடிக்கிற புதுச்செருப்புமாக நிற்கும்போது அந்த மனுசன் இப்படி ஒரு காரியம் செய்து வைப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஊர் பெல்ஜியத்தில். அதன் பெயருக்கு நடுவே தொண்டையைக் காறிக்கொண்டு வருகிற ஓர் எழுத்து இருப்பதால் துளசிமணியால் அதைக் கடைசி வரை சொல்ல முடியவில்லை, நாமும் விட்டுவிடலாம். அந்த ஊரில் வேலை பார்க்கிற மகள் தாரணி, கூட வேலை பார்க்கிற யோரிஸ் என்கிற வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து சென்னியப்பன் மகளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். இரண்டு வருடம் நிறுத்தியிருந்தார். ஈரோட்டு வீட்டில் மகளின் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து பின்பக்கம் போய் வாழைக்குத் தண்ணீர் விட்டார், வாழை அழுகிப்போகும் அளவுக்கு விட்டார். கடைசியில் எப்படியோ மனசு இறங்கி, சரி வர்றேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி, கம்பளிக் குல்லா வாங்கி, விசா வாங்கி, விமானம் ஏறி வந்து சேர்ந்திருந்தார். கல்யாணம் என்றால் மேளமோ பந்தலோ இல்லை. நகரமன்றத்தில் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து, அவ்வளவுதான். அப்பா வருவார் என்று தாரணி பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை. அந்த நம்பாத பாதியைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்பதுதான் துளசிமணிக்கு இந்தப் பயணத்தில் இருந்த ஒரே வேலை.

காலையில் வீட்டில் தலை அலங்காரமும் தோழிகளின் கூச்சலுமாக இருந்ததால், மாமனாருக்குச் சத்தம் ஆகாது என்று யோரிஸ் நல்லெண்ணத்தில் இருவரையும் நூல்சந்தைச் சதுக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தான். ஊருக்கு வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பழமையான, அமைதியான இடம் என்று எங்கேயோ படித்தானாம். நானூறு வருடத்துக்கு முன்னால் அங்கே நூல் விற்றார்கள். இப்போது எதுவும் விற்பதாகத் தெரியவில்லை. சுற்றிலும் கூரான கூரை வைத்த பழைய வீடுகள், ஒரு மருந்துக்கடை, ஒரு காப்பிக்கடை, ஒரு வக்கீல் அலுவலகம், ஒரு பூக்கடை, ஐப்பசிக் குளிரில் இலை உதிர்க்கிற மரங்கள், நடுவில் ஒரு நீரூற்று, நீரூற்றின் மேல் கையில் நூல் நூற்கிற தக்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கல் பெண். அங்கே புறாக்கள்கூடப் பறக்காமல் நடந்துதான் போயின. கூரைகளுக்கு மேலே நகரமன்றத்தின் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிய, இந்தச் சந்தில் நேரே போனால் வந்துவிடும் என்று யோரிஸ் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

மஞ்சள் மண்டியில் ஏலக் கூச்சலுக்கு நடுவே தலை நரைத்தவர் சென்னியப்பன். அவருக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துப்போனது.

"ஏம்புள்ள, இங்க சத்தமே இல்ல பாரு" என்றார் சத்தமாக.

"அதான் நீங்க போடறீங்களே" என்றாள் துளசிமணி.

கிளம்புகிற நேரம் வந்ததும் அவர் எழுந்து, குல்லாவைக் கழற்றி, அந்தக் கல் பெண்ணைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "போயிட்டு வர்றம் தாயீ" என்றார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவர் எதற்கும் சொல்வார். பண்ணாரி அம்மனுக்குச் சொல்வார், சரி. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பஸ்ஸுக்குச் சொல்வார், லாட்ஜ் அறையைப் பூட்டும்போது அறைக்குச் சொல்வார், யாரும் சொல்லவே கூடாத ஆஸ்பத்திரியில்கூட, நாக்கில் தானாக வந்துவிட்டது என்று டாக்டருக்கும் நர்சுக்கும் கட்டிலுக்கும் சொல்லி, அந்த நர்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். சொல்லித் திருத்தி அலுத்துப்போன துளசிமணி, கல்லுக்குத்தானே சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

யோரிஸ் காட்டிய சந்து மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, கொடி படர்ந்த ஒரு சுவரை ஒட்டிப் போய், ஒரு பச்சைக் கதவைத் தாண்டி வளைந்து, சதுக்கத்தில் வந்து முடிந்தது. எந்தச் சதுக்கத்தில் என்றால் இதே சதுக்கத்தில். கல் பெண் தக்ளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கீங்க திரும்புனீங்க?"

"நான் எங்க திரும்புனேன், நீதான முன்னால போன."

மறுபடி போனார்கள். வக்கீல் அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் போனார்கள், சைக்கிள்கள் சாய்த்து வைத்த சந்தில் போனார்கள், படிக்கட்டு இறங்குகிற சந்தில் இறங்கிப் போனார்கள், இறங்கிக்கொண்டே போயும் மேட்டிலிருக்கிற சதுக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள், மிச்சமிருந்த சந்தில் கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்து பார்த்தார்கள், கோபுரம் இடமிருந்து வலத்துக்கு நகர்ந்ததே தவிர கிட்டே வரவில்லை. ஐந்து சந்துகளும் ஐந்து விதமாகச் சுற்றி ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டன. துளசிமணி ஒவ்வொரு முறையும் வழியைத் திட்டினாள், செருப்பைத் திட்டினாள், பக்கத்தில் வருகிறவரைத் திட்டினாள், திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோய்த் தன் தலையெழுத்தைத் திட்டினாள்.

இதையெல்லாம் சதுக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. காப்பிக்கடைக்காரர் மட்டும், இவர்கள் படிக்கட்டுச் சந்திலிருந்து மூச்சு வாங்க வெளியே வந்ததும், ஓஹோ என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து வெயில் விழுகிற பக்கமாகப் போட்டார். மருந்துக்கடை அம்மா வந்து, கையால் சைகை காட்டி, சர்க்கரையா பிரஷரா என்று விசாரித்து, மாத்திரை போடத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் கடைக்கு மேலே உள்ள அறையின் ஜன்னலைத் திறந்து போர்வையை உதறிக் காயப்போட்டாள். வக்கீல் வந்து கைகுலுக்கினார். தபால்காரர் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, ஒரு சீட்டில் சென்னியப்பனின் பெயரை எழுதத் தொடங்கி, இடம் போதாமல் இன்னொரு சீட்டை ஒட்டி எழுதி, அதை மருந்துக்கடை வாசலில் இருந்த காலித் தபால்பெட்டியில் ஒட்டினார். யாரோ ஒரு கிழவர் நாயோடு வந்து, நீல நிறத்தில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு பைகளைத் துளசிமணியின் மடியில் வைத்து, பிளாஸ்டிக் குப்பை இதில், மற்றது அதில், கலந்து போட்டால் வண்டிக்காரன் எடுக்கமாட்டான் என்பதை நாயைத் தொட்டும் பையைத் தொட்டும் நடித்துக் காட்டினார்.

"இதென்ன கெரகம்!" என்றாள் துளசிமணி. "நானென்ன இங்க குடியிருக்கவா வந்தேன்?"

அப்போதுதான் பூக்கடையிலிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட ஸ்வெட்டர்களுக்கும் கழுத்துத் துணிக்கும் மேலே, நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு தெரிந்தது.

"அக்கா, தமிழோ? இந்தியாவோ?"

துளசிமணிக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. ஆனால் முதலில் வாயில் வந்தது, "ஏம்மா, இந்த ஊர்ல வெளிய போறதுக்கு வழியே கெடையாதா?" என்பதுதான்.

மங்களேஸ்வரி என்று பெயர் சொன்ன அந்த யாழ்ப்பாணத்துப் பெண் அந்தக் கடையை வெகுகாலமாக நடத்தி வருகிறவள். அவள் கல் பெண்ணையும் சென்னியப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா இவவுக்குக் கும்பிட்டுப்போட்டு ஏதும் சொன்னவரோ?"

"போயிட்டு வர்றம்னு சொன்னாரு. அவுரு எல்லாத்துக்கும் சொல்லுவாருங்க. அதுக்கென்ன?"

"அதுதான் அக்கா. அவ பிடிச்சுக்கொண்டிட்டா."

அவள் அதைச் சொன்ன விதம், கரண்ட் போய்விட்டது, சாயங்காலம் வரும் என்று அண்டை வீட்டார் சொல்கிற விதமாக இருந்தது. இந்தச் சதுக்கம் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சண்டைக்குப் போனவர்கள் இங்கே நின்றுதான் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பார் ஒருவர், நூல் வாங்க வந்த கப்பல்காரர்கள் இந்த ஊர்ப் பெண்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்பார் இன்னொருவர், வக்கீலைக் கேட்டால் அது நிலத்தின் குணம் என்பார். காரணத்தைப் பற்றி இவர்களுக்குக் கவலையில்லை. மாட்டிக்கொண்டவருக்கு நாற்காலி உண்டா, போர்வை உண்டா, குப்பைப் பை உண்டா என்பதுதான் கவலை. ஊர்க்காரர்கள் யாரும் மாட்டுவதில்லை, அவர்கள் மறுபடி பார்ப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களே தவிரச் சதுக்கத்திடம் சொல்வதில்லை. வெளியூர்க்காரர் யாராவது, ஆஹா என்ன அழகு, கட்டாயம் திரும்பி வருவேன் என்று நீரூற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாட்டுவார்கள். அந்த நாய்க்கிழவர்கூட அப்படி மாட்டிய ஆங்கிலேயர்தான். ஆரம்பத்தில் கத்தினார், பிறகு நாய் வாங்கினார்.

"அப்ப சொன்னவங்க எல்லாரையுமே இது புடிச்சு வெச்சுக்குமா?" என்று கேட்டாள் துளசிமணி.

"இல்லை அக்கா, எல்லாரையும் பிடிக்காது. திரும்பி வாற எண்ணத்தோடை சொன்னால் பிடிக்காது. எண்ணமில்லாமல் வாயால மட்டும் சொன்னால்தான் பிடிக்கும்."

துளசிமணி மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். வீட்டுக்காரர் புறாவைப் பார்த்தார்.

அவளுக்குத் தெரியும். விமானத்தில், இட்லி என்று சொல்லிக் கொடுத்த எதையோ முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தபோது அவரே சொன்னதுதான்: தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவது, ஊர் வாயை அடைக்கிறதுக்கு ஒரு போட்டோ, அதோடு சரி, இனிமேல் இந்தப் பக்கம் நான் கால் வைக்கமாட்டேன், நீயும் கூப்பிடாதே. அப்போது அவள், முதலில் கல்யாணம் நடக்கட்டும், மற்றதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று மனசில் கணக்குப் போட்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒரு கல் வந்து அந்தச் சண்டையைத் தொடங்கிவைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

போன் அடித்தது. தாரணி.

"அம்மா, எங்க இருக்கீங்க? எல்லாரும் இங்க வந்தாச்சு."

"அதே எடத்துலதான் கண்ணு. எந்தச் சந்துல போனாலும் திரும்ப இங்கயே கொண்டாந்து உட்டுருது."

தாரணி, கல்யாணப் பெண்ணுக்கு ஆகாத ஒரு குரலில், "அப்பாவுக்கு இஷ்டமில்லீன்னா நேராச் சொல்லச் சொல்லுங்கம்மா. சந்து மேல பழி போட வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

துளசிமணிக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நீலப் பையையும் வெள்ளைப் பையையும் ஒன்றாகச் சுருட்டி எறிந்தாள். நாய்க்கிழவர் வருத்தத்தோடு அவற்றை எடுத்துப் பிரித்து வைத்தார். "நான் திரும்ப வர்ற எண்ணத்துலதான் இருக்கறேன்" என்று மங்களேஸ்வரியிடம் சொன்னாள். "பேரன் பேத்தி பொறந்தா வருவேன், பொறக்காட்டியும் வருவேன். என்னை எதுக்குப் புடிச்சு வெச்சிருக்குது?"

"உங்களைப் பிடிச்சிருக்காது அக்கா. நீங்கள் தனியாப் போய்ப் பார்த்தனீங்களோ?"

போய்ப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மருந்துக்கடைச் சந்தில் விறுவிறுவென்று போனாள், கொடி படர்ந்த சுவரைத் தாண்டினாள், பச்சைக் கதவைத் தாண்டினாள், வளைவில் திரும்பினாள், எதிரே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. பெரிய சாலை. ஜனங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நகரமன்றமும் அதன் அகலமான படிக்கட்டும், படிக்கட்டில் கலர் கலராக நிற்கிற கும்பலும் தெரிந்தன. சாலையைத் தாண்டினால் போதும். போய்விடலாம். போய், அப்பா எங்கே என்று மகள் கேட்டால் என்ன சொல்வது?

அங்கே சந்து முனையில் நின்றுகொண்டு துளசிமணி அழுதாள். தனியாகப் போய் நின்றால் அந்த நம்பாத பாதி முழுசாகிவிடும். போகாவிட்டால் பெற்றவள் வராத கல்யாணமாகிவிடும். இப்படி ஒரு மனுசனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற விதியை எந்த ஜோசியனும் சொல்லவில்லையே என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே, வந்ததைவிட வேகமாகச் சதுக்கத்துக்குத் திரும்பினாள்.

அவள் இல்லாத நேரத்தில் அங்கே ஒரு சபை கூடியிருந்தது. சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வக்கீலும் மருந்துக்கடை அம்மாவும் காப்பிக்கடைக்காரரும் தபால்காரரும் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்ல, மங்களேஸ்வரி எல்லாவற்றையும் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. வக்கீல் சொன்னதுதான் முக்கியமானது: சதுக்கத்துக்கு வராதவர்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பவர்கள் மேல்தான் வருத்தம். ஆகையால் ஐயா உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதும்.

"இனி வரமாட்டன் எண்டு சொன்னாலும் விடுமாம் ஐயா. உண்மையாய் இருக்கவேணும், அவ்வளவுதான். ஒருத்தர் அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் போனவர். ஒரு பிரச்சினையும் இல்லை."

"சொல்லுங்க" என்றாள் துளசிமணி, மூச்சு வாங்க.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "நீ போயிட்டயாக்கும்னு நெனச்சேன்."

"போயிருப்பேன். டிராம் ஓடுது, மண்டபம் தெரியுது, உங்க மக படிக்கட்டுல நிக்கறா. நீங்க எழுந்து சொல்லுங்க. பிளேன்ல என்றகிட்டச் சொன்னீங்கல்ல, இனி கால் வைக்கமாட்டேன்னு? அதையே இங்க சொல்லுங்க. சொன்னா உட்டுருதாம். சொல்லிப்போட்டு வாங்க, போலாம், போட்டோவுக்கு நின்னுட்டு ஊரு போய்ச் சேரலாம்."

"கல்யாண நாளும் அதுவுமா எப்புடி புள்ள..."

"மனசுல வெச்சுக்கலாம், வாயில சொல்லக்கூடாதா? மனசுல வெச்சிருந்தா கல்யாணத்துக்கு ஆகுமா?"

அவர் எழுந்து நீரூற்றுக்குப் பக்கத்தில் போனார். குல்லாவைக் கழற்றினார். சபை மரியாதையாக ஒதுங்கி நின்றது, நாய்கூட உட்கார்ந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு தரம் திறந்தார். மண்டியில் ஒரு ஏலத்தை ஒரே மூச்சில் முடிக்கிற மனுசனுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. கோபத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பது வேறு, மகள் குடியிருக்கிற ஊரில் நின்று, மகள் குடியிருக்கிற ஊரைப் பார்த்து அதைச் சொல்வது வேறு என்பது அவருக்கு அந்த வயதில், அந்தக் குளிரில்தான் தெரிந்தது. நின்றுகொண்டே இருந்தார்.

துளசிமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வரமாட்டேன்னும் சொல்லமாட்டாரு, வருவேன்னும் நெனைக்கமாட்டாரு. இந்தக் கல்லுக்கே இத்தனை ரோசம் இருக்குது. ஏம்மா, நீ எப்புடி இத்தனை வருசமா இங்க இருக்கற? உன்னையும் புடிச்சு வெச்சுக்கிச்சா?"

மங்களேஸ்வரி சிரித்தாள். "நான் இவவுக்கு ஒண்டும் சொல்லேல்லை அக்கா. அம்மாவுக்குத்தான் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அங்கை என்னைப் பிடிச்சு வைக்க ஒண்டும் இருக்கேல்லை. வந்திட்டன்." அவள் கையிலிருந்த பூக்காம்பு ஒன்றை ஒடித்தாள். "அம்மா போய்ச் சேர்ந்திட்டா."

சென்னியப்பனும் அதைக் கேட்டார். திரும்பாவிட்டாலும் கேட்டார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுபடி போன் அடித்தது. இந்த முறை துளசிமணி பேசவில்லை. எடுத்து, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, அடுத்தது நாங்கதான்" என்றாள் தாரணி. அழுது முடித்த குரல். "நீங்க வரலீன்னாலும் பரவால்லம்மா. நான் கோவிச்சுக்கல. அப்பா மத்தியான மாத்திரை போட்டுட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவுருக்குக் குளிர் ஒத்துக்காது, காதை மூடிக்கச் சொல்லுங்க."

சென்னியப்பன் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் போனைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்தக் குரல் போனில் வரும்போதெல்லாம் அவர் வாழைக்குத் தண்ணீர் விட்டவர். இங்கே வாழையும் இல்லை, பின்பக்கமும் இல்லை, எந்தச் சந்தில் ஓடினாலும் இங்கேதான் வந்தாக வேண்டும். அவர் குல்லாவை மாட்டி, இரண்டு காதையும் மூடும்படி இழுத்துவிட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

"துளசி" என்றார். "தலைப்பொங்கலுக்குச் சீரு கொண்டாறோணுமில்ல?"

"கொண்டாறோணும். யாரு கொண்டாறதாம்?"

"நாமதான். பானை வேணும், பச்சரிசி, வெல்லம்... மஞ்சக்கொத்து நம்மூட்டுதே எடுத்துக்கலாம்." அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து நின்றார். "கரும்பு பிளேன்ல ஏத்துவானா?"

"கரும்ப ஏத்தறானோ இல்லியோ, நீங்க ஏறுங்க மொதல்ல!"

"நான் ஏறுவேன் புள்ள" என்றார் சென்னியப்பன். "தையில வர்றேன். கரும்ப வெட்டிப் பொட்டியில போட்டாவது கொண்டாருவேன்."

அவர் இதைக் கல் பெண்ணிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னார், கரும்பை எத்தனை துண்டாக வெட்டினால் பெட்டி மூடும் என்ற யோசனையோடு சொன்னார். கல் பெண் அப்படியேதான் நின்றாள். ஆனால் மருந்துக்கடைச் சந்தின் வழியாக டிராம் மணி கேட்டது, நூல்சந்தைச் சதுக்கத்தில் அதுவரை யாரும் கேட்டிராத அளவுக்குத் தெளிவாகக் கேட்டது, நடந்துகொண்டிருந்த புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. காப்பிக்கடைக்காரர், ஆச்சு என்று சொல்கிற மாதிரி நாற்காலிகளை மடக்கினார். மருந்துக்கடை அம்மா போர்வையை உள்ளே எடுத்தாள். தபால்காரர் பெயர்ச் சீட்டைக் கிழிக்கக் கை வைத்தபோது வக்கீல் வேண்டாம் என்று தடுத்து, தை என்றால் எந்த மாதம் என்று மங்களேஸ்வரியிடம் கேட்டு, ஜனவரி என்று தெரிந்ததும், இருக்கட்டும் என்றார்.

மங்களேஸ்வரி ஒரு கை வெள்ளைப் பூவை அள்ளித் துளசிமணியிடம் கொடுத்தாள். துளசிமணி அவள் கன்னத்தைத் தொட்டு தன் நெற்றிப்பொட்டில் விரல் முறித்தாள். பக்கத்தில் சென்னியப்பன் பழக்கதோஷத்தில் சதுக்கத்தைப் பார்த்து இரண்டு கையையும் மெல்லத் தூக்கினார்.

"வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க!" என்று துளசிமணி அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினாள்.

நகரமன்றப் படிக்கட்டில் கும்பல் கலைந்திருந்தது. உள்ளே வேறு ஒரு ஜோடிக்குக் கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. தாரணி கடைசிப் படியில் கூறைப்புடவையும் அதன் மேல் யோரிஸின் கோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன், கட்டத் தெரியாமல் கட்டிய வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தான். அவர்களுடைய முறை வந்தபோது இவள் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் போகட்டும், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

சென்னியப்பன் மகளுக்கு முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது. காதுவரை மூடிய குல்லாவைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

தாரணி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேம்ப்பா."

"நானும் அப்புடித்தாங் கண்ணு நெனச்சிருந்தேன்" என்றார்.

மேலே வாசலில், கல்யாணத்தைப் பதிவு செய்கிற, தோளில் பட்டை மாட்டிய ஒரு அம்மா வந்து யோரிஸின் பெயரைக் கூப்பிட்டாள், பிறகு தாரணியின் பெயரைத் தப்புத்தப்பாகக் கூப்பிட்டாள். துளசிமணி கையிலிருந்த பூவை மகளின் தலையில் அவசர அவசரமாகச் செருகினாள்.

"அழுகையெல்லாம் உள்ள போய் வெச்சுக்கலாம், எந்திரி கண்ணு" என்றாள். "அந்தம்மா எத்தனை நேரந்தான் பேனாவப் புடிச்சுட்டு நிக்கும்? மாப்ளே, அந்த வேட்டிய இங்க கொண்டாங்க, நான் கட்டி உடறேன்."